ஒரு நொடியும் பிந்தாத சிவனணைந்தபெருமாள்

“சாமி இங்கன கண்ணைச் சிமிட்டினா, மும்பையில இருக்கவன் அங்கன அதே சிமிட்டலைப் பாப்பான். நடுவுல ஒரு கொசு பறக்க நேரம் இருக்காது. பிந்துத பேச்சே நம்மகிட்ட கிடையாது, பாத்துக்கிடுங்க.”

மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் உடைமரங்களுக்கு நடுவே இருக்கும் குலதெய்வக் கோயிலில், கொடைவிழாவுக்கு நாள் குறிக்கக் கூடிய கூட்டத்தில், விழாவை நேரலையாகக் காட்டுவது பற்றி, முப்பது வயது கடந்தும் மணமாகாத மென்பொருள் வல்லுநர் சிவனணைந்தபெருமாள் இவ்வாறு முழங்கினார். வரலாற்றில் இதற்கு நிகரான முழக்கங்கள் சில உண்டு. அவற்றை முழங்கியவர்களுக்குப் பின்னால் படை நின்றது. இவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தகப்பனார் சங்கரலிங்கம் அண்ணாச்சி மட்டும் இருந்தார். அவரும், “ஏலே, உக்காந்து பேசு” என்று வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு மளிகைக்கடை. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து தூத்துக்குடியில் கடை போட்ட குடும்பம். அந்தக் கடையில் எழுதி ஒட்டப்படாத சட்டம் ஒன்று உண்டு: வந்து நின்ற ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது; முன்னால் வந்தவருக்கு முன்னால், பின்னால் வந்தவருக்குப் பின்னால். ஒரு ரூபாய்க்குக் கடுகு வாங்க வந்த பிள்ளை நிற்கும்போது, மூட்டைக் கணக்கில் வாங்க வந்த கல்யாண வீட்டுக்காரர் காத்துத்தான் ஆக வேண்டும். இந்த அறம் சிவனணைந்தபெருமாளின் இரத்தத்தில் சீரகம்போல் கலந்திருந்தது. பின்னாளில் அவர் வாழ்வைக் கெடுக்கப் பார்த்தது அதுதான் என்பதால் இதை இங்கேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அவருக்குத் துறைமுகச் சாலையில் உள்ள ஒரு சரக்குப்பெட்டிக் கிடங்கில் வேலை. வாசலில் வந்து நிற்கும் லாரிகளின் மேலிருக்கும் பெட்டி எண்ணைக் கேமரா வழியாகப் படிக்கும் நிரலை அவர் எழுதிப் பராமரித்தார். நேரலை என்பது பார்ப்பவருக்குத்தான் ஓடும் படம். உள்ளே அது ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிழற்படங்களின் வரிசை. நொடிக்கு இருபத்தைந்து படங்களைக் கேமரா தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, வேண்டிய வேலையைச் செய்து, மறுபக்கம் அனுப்ப உதவுகிற ஆயத்த நிரல்களின் மூட்டைக்கு லைப்ரரி என்று பெயர். “பையன் என்ன செய்யுதான்?” என்று கேட்ட தரகரிடம் தாயார் சுடலைமாடத்தி, “லைப்ரரி வச்சுத்தான் எல்லாம் செய்யுதான்” என்று சொல்ல, அவர் புத்தகம் அடுக்குகிற வேலை என்று எண்ணி, பெண் வீட்டாரின் தரத்தை ஒரு படி இறக்கிக் கொண்டுவந்தது தனிக் கதை.

அந்த லைப்ரரியோடு சிவனணைந்தபெருமாள் நடத்திய குடும்ப வாழ்க்கை, எதிரிக்கும் வேண்டாம். படம் வந்ததா என்று கேட்டால் அது உண்மை அல்லது பொய் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லும். ஏன் வரவில்லை என்று சொல்லாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்ததா, கேமராமேல் காகம் உட்கார்ந்ததா, இணையம் செத்ததா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. “பொய்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பெருமாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். மேலே போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இறங்கி வந்தால் “உண்மை” என்று சொல்லும். அதன்மேல் இன்னொரு குறை, அதற்குக் கண் உண்டே தவிரக் காது கிடையாது. படத்தை மட்டும் வாங்கும், ஒலியை அண்டவே விடாது.

இப்படிப்பட்ட லைப்ரரியை நம்பித்தான் அவர் கொடைக்கூட்டத்தில் முழங்கினார். முழங்கியதற்குக் காரணம் பக்தி என்று ஊரார் நினைத்தார்கள். காரணத்தின் பெயர் சந்தனச்செல்வி.

சந்தனச்செல்வி மும்பையில் கணக்கர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். அவளுடைய தாயார் பேச்சி, பெருமாளுக்கு ஒன்றுவிட்ட அத்தை. இட்லி மாவு வியாபாரத்தில் பாதி மும்பையைப் புளிக்கவைத்தவர். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பெண்ணுக்கும் பையனுக்கும் அதைவிடச் சம்மதம்; தொலைபேசியிலேயே பாதிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் குலதெய்வத்திடம் குறி கேட்காமல் தாலிக்குப் பொன் உருக்குவதில்லை. மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு அத்தையால் வர முடியாது. எனவே மதியக் கொடையில் சாமி வந்து ஆடும்போது, அத்தை தொலைபேசியில் கேட்பது, சாமி சொல்வதை நேரலையில் பார்ப்பது என்று முடிவாயிற்று. சாமி தலையசைத்தால் கல்யாணம். இல்லாவிட்டால் வேறு இடம்.

கேமராவை வேப்பமரத்தில் கட்டுவது எளிதாகவே முடிந்தது. அதற்குப் பிறகு கொடைக்கு வரி கொடுத்தவர்கள் வந்தார்கள். நேரலையின் அடியில் உபயதாரர் பெயர்கள் ஓட வேண்டும் என்பது அவர்களுடைய ஒரே கோரிக்கை. பெருமாள் அதையும் எழுதி ஓட்டிக் காட்டினார். திரையில் பதினெட்டுக் கேள்விக்குறிகள் வரிசையாக ஊர்ந்து போயின.

“என்னடே இது?” என்றார் பெரியப்பா சுடலைக்கண்ணு. உப்பளங்களுக்கு லாரி ஓட்டும் முதலாளி அவர்.

“உங்க பேருதான் பெரியப்பா.”

“வரி வாங்கும்போது எம் பேரு கேள்விக்குறியா இல்லையே?”

“இந்த லைப்ரரிக்குத் தமிழ் எழுதத் தெரியாது பெரியப்பா.”

“இந்த லோகத்துலயே இல்லாத லைப்ரரின்னு கூட்டத்துல சொன்னே. அதுக்கு அ ஆ கூடத் தெரியாதாக்கும்?”

பெருமாள் இன்னொரு லைப்ரரியைக் கொண்டுவந்தார். அதற்குத் தமிழ் தெரியும். ஆனால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாது. கொடை என்று எழுதினால் கொம்பு ஓரிடத்தில் மேய, கால் ஓரிடத்தில் கிடந்தது. அதைச் சரிசெய்ய மூன்றாவதாக ஒன்று வந்தது. இப்போது ஒவ்வொரு படமும் முதல் லைப்ரரியிலிருந்து இறங்கி, இரண்டாவதில் ஏறி, மூன்றாவதிடம் எழுத்துத் திருத்தம் பெற்று, மறுபடி முதலாவதுக்கு வந்து வெளியே போக வேண்டும். போதாதென்று சாமி முகத்தைச் சுற்றி ஒளிவட்டம், மூலையில் ஓடும் கடிகாரம். நொடிக்கு இருபத்தைந்து படம் உள்ளே வந்தது. இருபதுதான் அலங்காரம் முடிந்து வெளியே போனது.

மீதி ஐந்தை என்ன செய்வது? லைப்ரரியின் கையேடு தெளிவாகச் சொல்லியிருந்தது: பழைய படங்களைத் தூக்கிப் போடு, புதியதை மட்டும் வைத்துக்கொள். பெருமாள் கையேட்டை மூடினார். வந்து நிற்கிற படத்தைத் திருப்பி அனுப்புவதா? சங்கரலிங்கம் அண்ணாச்சி மகன் அப்படிச் செய்யலாமா? ஒரு படமும் வீணாகாதபடி எல்லையில்லா வரிசை ஒன்றைக் கட்டினார். முன்னால் வந்த படம் முன்னால், பின்னால் வந்த படம் பின்னால். கடைசிப் படம் வரை மரியாதை. கிடங்கில் இதே வரிசை வைத்துத்தான் ஓட்டினார். அங்கே அலங்காரம் எதுவும் இல்லாததால் வரிசை சேரவே இல்லை. இங்கேயும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தார். பிசகு தெரியவில்லை. ஓடுகிற நிரலை உற்றுப் பார்ப்பது அதன்மேல் சந்தேகப்படுவதாகும் என்பது அவர் கொள்கையாதலால், அதற்கு மேல் பார்க்கவில்லை.

கொடையன்று காலையிலிருந்து நேரலை ஓடியது. வரிசை கல்யாண வீட்டுப் பந்திபோல நீண்டுகொண்டே போயிற்று. மும்பையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேளம் அடிப்பவர் பத்து நிமிடத்துக்கு முன்னால் அடித்ததையா இப்போது அடிப்பதையா பார்க்கிறோம் என்று எவரால் சொல்ல முடியும்? மூலையில் இருந்த கடிகாரமோ சரியான நேரத்தையே காட்டியது. ஏனென்றால் அது படம் பிடித்த நேரத்தை எழுதவில்லை. அலங்காரம் நடக்கும் நேரத்தை எழுதியது. படம் பழசு, மணி புதுசு.

உச்சிப்பொழுதில் கோமரத்தாடி லிங்கராஜுக்கு அருள் வந்தது. சாமியாடுகிறவரை எங்கள் பக்கத்தில் கோமரத்தாடி என்போம். லிங்கராஜ் மற்ற நாட்களில் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். முதலில் வந்து குறி கேட்டவர் சுடலைக்கண்ணு. பழைய லாரி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்றார். சாமி வாயைத் திறக்காமல் நடித்தே காட்டியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைச் சுற்றியது. வலது காலால் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்தது. நிற்கவில்லை. கையைச் சரித்து வண்டி உப்பளத்துக்குள் கவிழ்வதைக் காட்டி, நெற்றியில் அறைந்துகொண்டு, “விட்டுரு” என்பதுபோல் புறங்கையால் தள்ளியது. தொழில் தெரிந்த உடம்பில் இறங்கிய சாமியாதலால், கூட்டத்திலிருந்த டிரைவர்கள் எல்லோரும் தங்களை அறியாமல் வலது காலை ஊன்றினார்கள்.

அதற்குப் பின் இன்னும் சிலர் கேட்டு முடித்து, பெருமாளின் முறை வந்தது. கூட்டத்துக்குள் சிக்கி, கேமராக் கண்ணில் படாத இடத்தில் நின்ற சங்கரலிங்கம் அண்ணாச்சி தொலைபேசியைச் சாமியின் காதில் வைத்தார். மும்பையிலிருந்து பேச்சி அத்தை அழுதுகொண்டே கேட்டார். அண்ணாச்சி மேளத்துக்கு மேலே, “கேட்டாச்சு! படத்தைப் பாருங்க!” என்று கத்திவிட்டுத் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். சாமி வெகுநேரம் கண்ணை மூடி நின்றது. பிறகு பெருமாளின் நெற்றி நிறையத் திருநீறு பூசி, தன் கழுத்தில் கிடந்த பிச்சிப்பூ மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பெருமாள் அழுதே விட்டார்.

மாலை, மாலையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குச் சந்தனச்செல்வி பேசினாள்.

“அத்தான், உண்மையைச் சொல்லுங்க. நீங்க மிதிப்பீங்களா?”

“எதை?”

“என்னயத்தான்.”

விசாரித்தபோது விவரம் வந்தது. மும்பையில் குடும்பம் மொத்தமும் திரைமுன் கூடியிருந்தது. அண்ணாச்சி “படத்தைப் பாருங்க” என்று கத்தியதும் பார்த்தார்கள். படத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பவ்யமாக நின்றார். பையனுக்காகக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். சாமி கையைச் சுற்றியது: பையன் புத்தி ஒரு நிலையில் நில்லாதது. காலால் மிதித்தது: கட்டியவளை மிதிப்பான். கையைக் கவிழ்த்தது: குடும்பம் தலைகீழாகும். நெற்றியில் அறைந்தது, அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையின் அடியில், ‘உபயம்: மும்பை பேச்சி குடும்பத்தார்’ என்று கொம்பும் காலும் பிசகாமல் ஓடிற்று. அத்தை அங்கேயே மடிக்கணினியை மூடிவிட்டார்.

பெருமாள் அத்தையை அழைத்தார்.

“அத்தை, அது லாரிக்குச் சொன்னது. நீங்க பாத்தது பழைய படம்.”

“ஏய்யா, நான் மணியைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். படத்துலயும் பன்னெண்டே கால், எங்க சுவர்லயும் பன்னெண்டே கால்.”

“அந்த மணியை நான்தான் எழுதினேன் அத்தை.”

“அப்ப மணியையும் மாத்தி எழுதுவியோ?”

“ரெக்கார்டிங் அனுப்புதேன், முழுசாப் பாருங்க. சாமி எனக்கு மாலையே போட்டுது.”

“ரெக்கார்டிங்க நீ வெட்டுவே, ஒட்டுவே. கம்ப்யூட்டர் படிச்ச பய. நேர்ல பாத்ததுக்கு மேல சாட்சி உண்டா? ஒரு கொசு பறக்க நேரம் இருக்காதுன்னு நீதான சொன்னே? உங்க அப்பா எனக்குப் போன் போட்டு அதைப் பெருமையால்லா சொன்னாரு.”

சிவனணைந்தபெருமாள் தம் வாழ்நாளில் அடைந்த எரிச்சல்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம். ஏணி ஏறிய நாட்கள் இதன்முன் உல்லாசப் பயணங்கள். ஆவேசத்தோடு கையேட்டை எடுத்துப் படித்தார். வரிசையில் குற்றம் என்று கண்டுகொண்டார். நாலே வரி. எல்லையில்லா வரிசையை அழித்து, கடைசியாக வந்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினார். பழைய படங்கள் கேட்பாரில்லாமல் உதிர்ந்தன. மனசு வலித்தது; ஆனால் நேரலை பிந்தவில்லை. அவர் முழங்கியபடியே, கண்ணைச் சிமிட்டினால் சிமிட்டியது. அந்த வெற்றியை உலகுக்கு அறிவிக்கும் அவசரத்தில், மூளையை ஒரு நிமிடம் ஓய்வில் வைத்துவிட்டு, அத்தையை நேரலைக்கு அழைத்தார்.

“அத்தை, பாருங்க, கையைத் தூக்குதேன்!”

“தூக்கிட்டியே.”

“பாத்தீங்களா? உடனே வருது!”

“ஆமாய்யா, உடனே வருது.” அத்தை விடவில்லை. “அப்ப அன்னைக்கும் உடனேதான வந்திருக்கும்?”

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று பெருமாளுக்குத் தெரியவில்லை. நிரல் பொய்த்தபோது கல்யாணம் கெட்டது. நிரல் மெய்யானதும் கெட்டது உறுதியாயிற்று.

அன்றைக்குத் தொலைபேசியில் சந்தனச்செல்வி அவரைக் கடுமையாகவே கையாண்டாள்.

“அன்னைக்கு எப்படி ஓடிச்சோ, அதே மாதிரி ஓட்டுங்க. அலங்காரம், கடிகாரம், எல்லாத்தையும் போட்டு. அம்மா கண்ணால பாக்கட்டும்.”

“சரியாயிட்ட புரோகிராமைத் திரும்பக் கெடுக்கவா? ஏளா, ஒரு புரோகிராமர் செய்யுத காரியமா அது?”

“செய்யாண்டாம். பிந்தாத நேரலையைக் கட்டிக்கிட்டு நல்லா இருங்க.”

“அவசரப்படாத. எங்க ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைய என்ன நினைப்பாங்க? ஊருக்குள்ள தெரிஞ்சா...”

“எங்கம்மா வாற வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை வரச்சொல்லிருக்கா. அவரு லைப்ரரி எல்லாம் வைக்கல. செருப்புக்கடை வச்சிருக்காரு.”

பெருமாளுக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. கிடங்கில் லைப்ரரி “பொய்” என்று சொன்னபோது ஏணியைக்கூட எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் முதல் கூட்டம் ஓய்ந்த பிறகு, புளிமூட்டைக்கு மேலே கேமராவைக் கட்டினார். தாம் எழுதியவற்றிலேயே மிகச் சிறந்த நாலு வரிகளை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அழித்தார். பழைய வரிசையை வைத்தார். உபயதாரர் பெயர்களை ஓடவிட்டார். அண்ணாச்சி தலையைச் சுற்றி ஒளிவட்டம் ஏறியது. ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று விட்டு, கடையில் தகப்பனாருக்கு ஒத்தாசையாகப் பொட்டலம் கட்டினார். பிறகு அத்தையை அழைத்தார்.

“அத்தை, படம் தெரியுதா?”

“தெரியுது. எல்லாரும் உக்காந்துருக்கோம்.”

“கையைத் தூக்குதேன்.” தூக்கினார்.

“எங்க தூக்குதே? காப்பியல்லா குடிச்சிட்டு இருக்கே.”

“அது அப்பவே குடிச்சது அத்தை. படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதீங்க.”

எண்ணெய் வாங்க வந்த ஒருவர், “என்ன தம்பி, வாத்தியார்ட்ட சந்தேகம் கேக்கீரா?” என்றார். பெருமாள் கையை இன்னும் உயர்த்தினார். கை வலித்ததும் இறக்கிக்கொண்டு அவருக்கு எண்ணெய் அளந்தார்.

“இப்ப டம்ளரைக் கழுவுதே,” என்றார் அத்தை. கொஞ்ச நேரம் கழித்து, “யாருக்கோ சீனி கட்டுதே. ஏய்யா, நூலை எச்சி தொட்டா கட்டுவே?” பெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டார். தொலைபேசியின் மறுமுனையில் யாரோ சிரித்தார்கள்; சந்தனச்செல்விதான். பருப்பு போனது, புளி போனது, அண்ணாச்சி ஒருவரிடம் அரிசி விலைக்குச் சண்டை போட்டு முடித்தார். அத்தை இன்னும் சீனிப் பொட்டலத்திலேயே இருந்தார்.

“ஏளா சந்தனம்!” என்று கடைசியில் குரல் வந்தது. “இங்கன வந்து பாரு. இப்பத்தான் கையைத் தூக்குதான்!”

பெருமாள் அப்போது தராசில் கொத்தமல்லி வைத்துக்கொண்டிருந்தார். தட்டை மெல்ல இறக்கி வைத்தார்.

“அப்ப அன்னைக்கு நாங்க பாத்தது?” என்றார் அத்தை. குரல் இறங்கியிருந்தது.

கடையில் நாலு பேர் நின்றார்கள். பெருமாள் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டார்.

“பழசு அத்தை,” என்றார், பக்கத்தில் நின்ற தகப்பனாருக்கும் கேட்காத குரலில். “என் நேரலை பிந்தும்.”